ஹல்வோருக்கு வைத்த எட்டு

மகேசன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே வீட்டுக்குள் நனைந்த கம்பளி மணத்தது. ஈரமான கம்பளிச் சட்டையை வெப்பமூட்டிக்கு மேல் காயப்போட்டால் ஆட்டு வாடையும் பழைய புகையும் கலந்து ஒரு மணம் எழும்புமே, அதேதான். அவர்கள் வீட்டில் ஒருவரும் கம்பளி போடுவதில்லை. மனைவி அருள்நாயகிக்கு அது உடம்பெல்லாம் கடிக்கும். அவள் முதியோர் இல்லத்து வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது.

மணத்தின் பின்னாலேயே போனான். குசினியில் இல்லை, குளியலறையில் இல்லை, மகள் கம்சிகாவின் அறையில் இருந்தது. அவள் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போனபிறகு அங்கே மிச்சம் கட்டிலும், மேசையும் கதிரையும், சுவரோடு இறுக்கிய, வேட்டைத் துவக்கு வைக்கும் அலுமாரியும்தான். மேசைக்குள் தள்ளி வைத்திருந்த கதிரை இப்போது யன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வெளிச்சம் என்று சொல்லவே வெட்கமான நவம்பர் மாதத்துப் பின்னேரச் சாம்பல் கண்ணாடியில் கிடந்தது. கண்ணாடியின் உட்புறத்தில், கதிரையில் ஒருவர் இருந்தால் அவருடைய வாய் எங்கே வருமோ அங்கே, மூச்சு ஆவி வட்டமாகப் படிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கவே அது ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போனது.

விரலை வைத்துப் பார்த்தான். ஈரம். "சனியன் பிடிச்ச கண்ணாடி," என்று வாய்விட்டே சொன்னான். இரட்டைக் கண்ணாடிக்குள் காற்றுப் புகுந்திருக்கும், குடியிருப்புச் சங்கத்துக்குச் சொல்லவேண்டும். கதிரையை அருள்நாயகி கூட்டும்போது திருப்பியிருப்பாள். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய அலுமாரித் திறப்பைத் தொட்டான், இருந்தது. அலுமாரியின் கைபிடியை இழுத்தான், பூட்டியிருந்தது. ஆனாலும் ஏன் என்று தனக்கே தெரியாமல், அந்த அறைக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தான்.

அந்தத் துவக்கை அவன் வாங்கியதை ஒஸ்லோத் தமிழ்ச்சனம் இன்னும் மன்னிக்கவில்லை. புருசெத் கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்ற சவிரிமுத்து, எல்லாருக்கும் கேட்கக் கேட்டான்: "ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். நீர் இஞ்சை பொலிசிட்டை அனுமதி எடுத்து வாங்கி வைச்சிருக்கிறீர். உமக்கென்ன விசரோ?" ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கிப் பாதை பூட்டிய வருடம் அது. தொலைபேசியில் அக்கா அரிசி இல்லை என்று அழுத வருடம். மகேசனுக்கு முகம் எரிந்தது. கையில் எடுத்த தேங்காயை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அவன் பாடு யாருக்குத் தெரியும்? பஸ் திருத்தும் பட்டறையில் தலை நரைக்கும்வரை கிறீஸ் பூசியும், சாப்பாட்டு மேசையில் அவனுக்கு ஓரக்கதிரைதான். செப்டெம்பர் பிறந்தால் மேசை முழுக்க எல்க் கதை. குதிரையைவிட உயரமான அந்தக் காட்டுமானை யார் எந்தச் சதுப்பில் சுட்டார்கள், யாருடைய நாய் மோப்பம் பிடித்தது என்று வாய் ஓயாது. அவன் இடையில் ஒன்று சொன்னால் "என்ன சொன்னாய்?" என்பார்கள். திருப்பிச் சொன்னால் மறுபடியும் "என்ன?" பிறகு விளங்கியதுபோல ஒரு தலையாட்டல். அந்தத் தலையாட்டலை அவன் மனமார வெறுத்தான். வாய்க்குள் நொஸ்க் என்கிற நோர்வே மொழியைப் போட்டு எத்தனை வருடம் மென்றும் அது யாழ்ப்பாணத்து நாக்கில் கல்லாகத்தான் கிடந்தது.

ஹல்வோர் மட்டும் தலையாட்டவில்லை. அதே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இதே கட்டடத்தில் நிலத்தளத்தில் தனியாக இருந்த கிழவர். பெண்சாதி செத்துப்போனா, மகன் பேர்கனில். "உனக்கு அசையாமல் இருக்கத் தெரியும்," என்றார் ஒருநாள். "காட்டில் வேறு ஒன்றும் தேவையில்லை." வேட்டைப் பரீட்சைக்குக் கூட்டிப்போனவர் அவர். சுடுதளத்துக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான்.

அவருடைய துவக்கு இரண்டாம் உலகப்போருக்கு முந்திய மவுசர். குழந்தையின் சின்னவிரல் போகக்கூடிய அகலத்தில் குழல்வாய். தூரநோக்கி கிடையாது, இரும்புக் குறிமுனைதான். வால்நட் மரப்பிடியில் கன்னம் படுகிற இடம் மூன்று தலைமுறை முகத்து எண்ணெயில் கறுத்துப் பளபளத்தது. முதல்முறை விசையை அழுத்தியபோது மாடு முட்டியதுபோலத் தோள் பின்னால் போனது. காது கூவியது. வாய்க்குள் வெடிமருந்து புளித்தது. அன்று பின்னேரம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிய தோளுக்கு அருள்நாயகி எண்ணெய் போட்டுக்கொண்டே, "இந்த வயசிலை உங்களுக்கு இது தேவையோ? ஆருக்குக் காட்ட?" என்று திட்டினாள். ஆருக்குக் காட்ட என்று அவனுக்குத் தெரியும். தூரத்துத் தட்டியில் வரைந்திருந்த எல்க்கின் முன்தோளில் ஓட்டை விழுந்ததும் வரிசையில் நின்ற அத்தனைபேரும் கை தட்டினார்கள். ஒருவரும் "என்ன சொன்னாய்?" என்று கேட்கவில்லை. துவக்குக்கு உச்சரிப்பு இல்லை. அந்தச் சந்தோஷத்தை அவன் பெண்சாதிக்குக்கூடச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

ஹல்வோரின் தோளெலும்பு தேய்ந்துபோய், இனி இந்த உதையைத் தாங்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன வசந்தகாலத்தில் அது மகேசனுக்குக் கைமாறியது. பொலிஸ் அனுமதி வந்து, அவன் வாங்கக் கை நீட்டியபோது கிழவர் நீட்டினார். ஆனால் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள். பிறகு சிரித்துக்கொண்டு விட்டார். கண் சிரிக்கவில்லை.

ஒக்ரோபர் கடைசியில், வேட்டைக்காலம் முடிகிற நாள், "நானும் வருகிறேன், சும்மா இருக்க," என்று காட்டுக்கு வந்தார். சதுப்பு வெளியின் விளிம்பில், பாசி ஈரம் காற்சட்டையால் ஏற, இரண்டுபேரும் ஒரே மரக்குற்றியில் இருந்தார்கள். கிழவரின் கம்பளிச் சட்டை மணத்தது. "இன்றைக்கு மட்டும் என்னிடம் தா," என்றார். கொடுத்தான். பொழுதுபடுகிற நேரம் மரங்களுக்கிடையிலிருந்து ஒரு பெட்டை எல்க் வந்து நின்றது. அதன் பின்னால் அந்த வருடத்துக் கன்று. ஹல்வோர் துவக்கை உயர்த்தினார், கன்னத்தை மரத்தில் பதித்தார். மகேசன் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான். காத்திருந்தான். வெடி கேட்கவில்லை. தாயும் கன்றும் அவசரமில்லாமல் வெளியைக் கடந்து மறுபக்கத்துக் காட்டுக்குள் போய்விட்டன.

"ஏன் சுடவில்லை?" என்று திரும்பிப் பார்த்தான். குறிமுனைக்குப் பின்னால் அவருடைய கண் திறந்தபடி இருந்தது. அதில் விழுந்த பனித்துகள் கரையவில்லை. விசையில் வளைந்திருந்த விரலை வெடி கிளம்பிவிடாமல் பிரித்தெடுக்க மகேசன் இரண்டு கையையும் பாவிக்க வேண்டியிருந்தது.

மகன் பேர்கனிலிருந்து வந்தான், பெட்டியை எரிக்கக் கொடுத்தான், போனான். அழுததாகத் தெரியவில்லை. அருள்நாயகிக்கு அது பொறுக்கவில்லை.

"உங்கடை மடியிலை போன சீவன். அந்தாளுக்கு எட்டுச் செய்ய ஆர் இருக்கினம்?"

"வெள்ளைக்கு எட்டோ? விசர்க்கதை கதையாதையும்."

"செத்தபிறகு என்ன வெள்ளை, கறுப்பு? நான் செய்யத்தான் போறன்."

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம், மச்சமானாலும் சாராயமானாலும், சமைத்து இலை போட்டு, விளக்கு வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். அவர் வந்து தனிமையில் சாப்பிடுவார் என்று நம்பிக்கை. பிறகு அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். அதற்குப் பெயர் கழிப்பு. கூப்பிடுவது பாதிச் சடங்கு, அனுப்புவதுதான் மற்றப் பாதி.

அருள்நாயகி எல்க் இறைச்சியை வறுத்த தூள் போட்டுப் பிரட்டினாள். சீனி போடாத கோப்பி ஊற்றினாள். ஒரு சின்னக் கிளாசில் அக்கவிட் சாராயம் வைத்தாள். துவக்கு இருக்கிற அறைதானே அவருக்குப் பழக்கம் என்று கம்சிகாவின் அறையிலேயே இலையைப் போட்டாள். "வேறை என்ன பிடிக்கும் அந்தாளுக்கு?" என்று கேட்டாள். மகேசன் யோசித்தான். அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்து இலைக்குப் பக்கத்தில் கிடத்தினான். வெற்றிலை வைக்கிற இடத்தில் ஒரு துவக்கு ரவை வைத்தான், பித்தளை மினுங்குகிற பெரிய ரவை. அவள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் தடுக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. திறந்தபோது இறைச்சி வைத்தபடி இருந்தது, கிளாஸ் நிறைந்தபடி இருந்தது. ரவையைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே, மேசைக்குக் கீழே குனிந்து தேடினார்கள். "எங்கையாலும் உருண்டிருக்கும்," என்றான் மகேசன்.

அலுமினியத் தட்டில் கழிப்பைப் போட்டு அவன் கையில் கொடுத்தாள். சந்தி என்றால், புருசெத் நிலையத்திலிருந்து வருகிற பாதையும் கட்டடங்களுக்கு நடுவால் போகிற பாதையும் சந்திக்கிற விளக்குக் கம்பத்தடி. மகேசன் கீழே இறங்கவே இல்லை. படிக்கட்டுச் சுவரில் சங்கத்தின் அறிவித்தல் ஒட்டியிருந்தது: எலி வருகிறது, உணவை வெளியே வைக்கவேண்டாம். நொஸ்க்கில் எழுதி, கீழே தமிழிலும் உருதுவிலும். நாயோடு போகிற சங்கத் தலைவி அவனைக் கம்பத்தடியில் குனிந்த நிலையில் பார்த்தால்? நாளைக்குப் பட்டறை மேசைக்கும் கதை வரும். சீ, என்ன மானக்கேடு. நான்காம் மாடிப் படிக்கட்டிலிருந்த குப்பைத் துவாரத்தின் இரும்பு மூடியைத் திறந்து தட்டை உள்ளே தள்ளினான். அது சுவருக்குள் முட்டி முட்டி, கட்டடத்தின் வயிற்றுக்குள் இறங்கிப்போவது கேட்டது. போய்வருகிற நேரத்துக்கு அங்கேயே நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தான்.

"வைச்சனீங்களோ?"

"ஓம்."

"திரும்பிப் பார்க்கேல்லைத்தானே?"

"இல்லை." அது மட்டும் உண்மை.

யன்னலில் மூச்சு படிந்தது அதற்கு அடுத்த திங்கள்கிழமை. செவ்வாய்க்கிழமை அருள்நாயகி சட்டியைக் கழுவிக்கொண்டு, "உந்த அறைக்குள்ளை ஆரோ இருமின மாதிரிக் கிடக்கு," என்றாள். பக்கத்து வீடாக இருக்கும் என்றான். புதன்கிழமை இரண்டுபேரும் தொலைக்காட்சிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு எண்ணெயோடு வழுக்குகிற, அவனுக்கு மனப்பாடமான சத்தம். ரவையைக் குழலுக்குள் தள்ளுகிற போல்ற்றின் கைபிடி மேலே எழும்பும். பின்னுக்கு வரும். முன்னுக்குப் போகும். கீழே படுக்கும். செய்தி வாசிக்கிறவள் ஊரில் குண்டு விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அருள்நாயகிக்குக் கேட்கவில்லைப் போல. அவன் எழும்பிப் போனான்.

அலுமாரி பூட்டியபடிதான் இருந்தது. திறந்தான். போல்ற்றை எப்போதும் கழற்றி மேல்தட்டில் தனியாக வைப்பவன் அவன். மேல்தட்டு வெறுமையாக இருந்தது. போல்ற் துவக்கில் இருந்தது, கீழே படுத்திருந்தது. அதைப் பின்னுக்கு இழுத்தான். காணாமல்போன ரவை துள்ளி அவன் உள்ளங்கையில் விழுந்தது. அது சூடாக இருந்தது, நெடுநேரம் யாரோ கைக்குள் பொத்தி வைத்திருந்ததுபோல. அடுத்தநாள் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தன் உடுப்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினான்.

வியாழக்கிழமை பின்னேரம் கம்சிகா தொலைபேசியில் வந்தாள்.

"இந்த ஹெல்க், சனி ஞாயிறு, எனக்கு வேலை ஒண்டும் இல்லை அப்பா. நாளைக்கு வாறன், ஞாயிறு திரும்பிப் போவன்."

அவன் அறைக் கதவைப் பார்த்தான். அது விரலளவு திறந்திருந்தது. "வேண்டாம் பிள்ளை. அடுத்த கிழமை வா."

"ஏன்?"

"உன்ரை அறையிலை திருத்த வேலை. பெயின்ற் மணம்."

"நான் ஹோலிலை படுப்பன்."

"வேண்டாம் எண்டால் வேண்டாம்! சொன்னால் விளங்காதோ உனக்கு?"

"நான் வாறது உங்களுக்குப் பிடிக்கேல்லையோ அப்பா?" என்றாள். ஐயோ என்ரை பிள்ளை, உன்னைப் பாராமல் நான் படுகிற பாடு உனக்கென்ன தெரியும் என்று சொல்ல வாய் உன்னியது. அதைச் சொன்னால் மிச்சத்தையும் சொல்லவேண்டும். தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"ரிக்கெற் எடுத்திட்டன். அம்மாவைப் பார்க்க வாறன். நீங்கள் கதைக்காட்டிலும் பரவாயில்லை," என்று வைத்துவிட்டாள்.

தொலைபேசியை வைத்த அதே கணம், விரலளவு திறந்த கதவுக்குப் பின்னால் கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது. நெடுநேரம் இருக்கவேண்டி வரும் என்று தெரிந்த ஒருவர் வசதியாக அசைந்து இருக்கிற சத்தம்.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே பொலிசுக்கு அடித்துத் துவக்கை ஒப்படைக்கவேண்டும் என்றான். அந்தப் பெண் "என்ன சொன்னீர்கள்?" என்று இரண்டுதரம் கேட்டாள். திங்கட்கிழமை வாருங்கள், அதுவரை அலுமாரியில் பூட்டி வைத்தால் போதும் என்றாள். வேட்டைக் குழுவின் தலைவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மத்தியானம் பனி கொட்டத் தொடங்கியது. வேலையால் வந்த அருள்நாயகியைக் குசினியில் இருத்தி, குப்பைத் துவாரக் கதையைச் சொன்னான்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "குப்பைக்குள்ளையோ போட்டனீங்கள்? ஒரு மனிசனுக்கு வைச்ச சோத்தை? கூப்பிட்ட ஆளை வீட்டுக்குள்ளையே விட்டிட்டு ஒரு கிழமையா என்னோடை பொய் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறியள்!"

"ஆரும் பார்த்தால் என்ன நினைப்பினம் எண்டு…"

"நினைக்கட்டுமே! அவை என்ன நினைப்பினம், அவை என்ன நினைப்பினம். உதாலைதான் உந்தத் துவக்கும் வந்தது, உந்தச் சனியனும் வந்தது."

அழுது முடிக்க அவளுக்கு நேரமில்லை. குளிர்ப்பெட்டியில் மிச்சமிருந்த இறைச்சியை எடுத்து மறுபடியும் பிரட்டினாள். கோப்பி ஊற்றினாள். இந்தமுறை தானே கொண்டுபோவதாகச் சொன்னாள். "பிள்ளையின்ரை தே-பானே ரெயினும் இப்ப வரும். நான் இதைச் சந்தியிலை வைச்சிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் கதவெல்லாத்தையும் திறந்து விடுங்கோ. வெளிக்கிடுற ஆளை மறிக்கக்கூடாது."

"அலுமாரியையுமோ?"

"எல்லாத்தையும்."

அவள் போனாள். அவன் முன்கதவைத் திறந்தான், அறைக்கதவை அகலத் தள்ளினான், கழுத்துத் திறப்பால் அலுமாரியைத் திறந்தான். துவக்கு சாய்ந்து நின்றது. போல்ற்றைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். குளிர்ந்த பாரம் தொடையில் இடித்தது, அது ஒரு ஆறுதல். ஹோலுக்கு வந்து, வெளிச்சம் போடாமல், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். படிக்கட்டிலிருந்து குளிர் உள்ளே வந்தது. யன்னல்களில் பனி சத்தமில்லாமல் மோதியது. எங்கேயோ ஒரு வீட்டில் குழந்தை அழுதது, ஒரு தண்ணீர்க் குழாய் இரைந்தது, நின்றது.

மணம் வந்தது. அறைக்குள்ளிருந்து, தரையோடு தரையாக, ஈரக் கம்பளியும் துவக்கு எண்ணெயும். அது நகர்ந்தது. கிட்ட வந்தது. அவன் மூச்சை அடக்கினான். முகத்துக்கு நேரே அது நின்றது, கோப்பி வாடையடிக்கும் வாய் ஒன்று அவன் வாய்க்குப் பக்கத்தில் திறந்திருப்பதுபோல. அவனுக்கு இருமல் வந்தது. இருமினான், மூச்சை உள்ளே இழுத்தான்.

மணம் இல்லை.

ஒன்றும் இல்லை. பனியின் மணம் மட்டும். அவன் மோந்து மோந்து பார்த்தான். படிக்கட்டு வெறுமையாக இருந்தது. போய்விட்டார்! அருள் சந்தியில் வைத்திருப்பாள், போய்விட்டார். அழுகை வந்தது. பிள்ளை வரட்டும், மன்னிப்புக் கேட்கவேண்டும், அவளுக்குப் பிடித்த இடியப்பம் அவிக்கச் சொல்லவேண்டும். திங்கட்கிழமை இந்த இரும்பைத் தொலைத்துவிட்டு, இனி யாருடைய மேசையிலும் இடம் கேட்பதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் வருகிற பாதையைப் பார்ப்போம் என்று அறைக்குள் போனான். கதிரையில் இருந்தான்.

தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்தி யன்னல் விளிம்பில் வைத்தான்.

"அப்பா, இறங்கிட்டன். அம்மாவும் இஞ்சை நிக்கிறா, கம்பத்தடியிலை எதையோ வைச்சிட்டு வாறா. ஏன் யன்னலைத் திறந்து வைச்சிருக்கிறீங்கள்? பனியெல்லோ உள்ளை வரும்!"

யன்னல் திறந்திருந்தது. அவன் திறக்கவில்லை. முழங்காலில் பனி விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக? முழங்கால் வெள்ளையாக இருந்தது.

கீழே விளக்கு. விளக்கின் கீழே வெள்ளை. அந்த வெள்ளைக்குள் இரண்டு கறுப்பு உருவம். பெரியது முன்னால். சின்னது பின்னால்.

தொடையில் பாரம் இல்லை.

அவன் குனிந்து பார்க்க நினைத்தான். தலை குனியவில்லை. கன்னத்தில் மரம். தோளில் மரம். இடதுகை எதையோ தாங்கிக்கொண்டிருந்தது, நடுக்கம் இல்லாமல். இரும்பு எண்ணெயோடு வழுக்கியது. மேலே. பின்னுக்கு. முன்னுக்கு. கீழே. அது அவனுடைய கைதான். பெட்டகத்தில் பூட்டிவைத்த ரவை உள்ளே போய் இருந்ததை உள்ளங்கை அறிந்தது.

தாயும் கன்றும் சேர்ந்து வந்தால் முதலில் கன்று. பிறகுதான் தாய். தாயை முதலில் சுட்டால் கன்று அலைந்து சாகும். இதை அவனுக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. இப்போது தெரிந்திருந்தது.

குறிமுனை பெரிய உருவத்தைத் தாண்டி மெல்ல நகர்ந்தது.

ஓடு பிள்ளை. ஓடு. கும்பிட்டுக் கேட்கிறேன், ஓடு. வாயைத் திறந்தான். வாய் திறந்தது.

"அப்படியே நில்," என்றது வாய். நொஸ்க்கில். ஹல்வோரின் மலைநாட்டு இழுவையோடு, ஒரு சொல் தடக்காமல்.

தொலைபேசிக்குள் கம்சிகா வாய்விட்டுச் சிரித்தாள். நேற்றைய கோபம் எதுவும் அதில் இல்லை. "அட! அப்பா! உங்கடை நொஸ்க் எப்ப இவ்வளவு வடிவா வந்தது?"

"கொஞ்சம் பக்கமாகத் திரும்பு."

"என்ன, படமோ எடுக்கிறீங்கள்? அம்மா, இஞ்சை வாங்கோ! அப்பா மேலையிருந்து எங்களைப் படம் எடுக்கிறார்."

கண்ணீர் மரப்பிடியில் வழிந்தது. கண் இமைக்கவில்லை. பெருவிரல் பாதுகாப்புத் தாழைத் தள்ளியது. சுட்டுவிரல் விசையைத் தேடவில்லை, அது ஏற்கனவே அங்கே இருந்தது.

விளக்குக் கம்பத்தடியில் கம்சிகா முகம் தெரியட்டும் என்று தொப்பியைப் பின்னால் தள்ளினாள். தலைமயிரில் விழுந்த பனியைத் தட்டினாள். தாயின் தோளில் கையைப் போட்டு இழுத்து அணைத்து, சொன்னபடியே கொஞ்சம் பக்கமாகத் திரும்பி, நாடியை உயர்த்தி, சிரித்தபடி அசையாமல் நின்றாள்.

"கெதியா எடுங்கோ அப்பா, குளிருது."